லிட்டில் ராக் கல்வி மாவட்டத்தின் பொது உயர்நிலைப் பள்ளிகள்: திறப்பும் மூடலும் (1927–1971)

முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஆர்கன்சா மாநிலத் தலைநகர் லிட்டில் ராக். அந்நகரின் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் 1957ஆம் ஆண்டு கறுப்பின மாணவர் ஒன்பதின்மர் இராணுவப் பாதுகாப்புடன் நுழைந்த நிகழ்வு உலகறிந்தது. அக்கல்வி மாவட்டம் உயர்நிலைப் பள்ளிகளைக் கட்டியும் மூடியும் வந்த வரலாற்றோடு இந்நிகழ்வை இணைத்து நோக்கினால், பள்ளிக் கட்டடமே இனப்பிரிவினையைக் காக்கும் கருவியாகப் பயன்பட்டமை புலனாகும். அதனை விளக்குவதாக இக்கட்டுரை அமைகிறது.

இனத்திற்கொரு பள்ளி

பின்னாளில் சென்ட்ரல் எனப் பெயர் பெற்ற பள்ளி, 15 இலட்சம் டாலர் செலவில் வெள்ளையின மாணவர்க்காக 1927இல் திறக்கப்பட்டது. கறுப்பின மாணவர்க்கான டன்பார் உயர்நிலைப் பள்ளி 1929இல் எழுந்தது. அதன் செலவில் ஒரு பகுதியை ரோசன்வால்ட் நிதியம் வழங்கியது. தொழிற்பயிற்சிப் பள்ளியாகவே அது முதலில் திட்டமிடப்பட்டது. கறுப்பின மக்களின் வலியுறுத்தலால் உயர்கல்விக்கு வழிவகுக்கும் பாடங்களும் இடம்பெற்றன.

ஆசிரியர் ஊதியத்திலும் வேறுபாடு நிலவியது. டன்பார் பள்ளியின் ஆங்கில ஆசிரியை சூ மோரிஸ் சம ஊதியம் கோரி 1942இல் வழக்குத் தொடுத்தார். 1945இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. எனினும் 1943இலேயே பணியிழந்திருந்த அவர், 1952இல்தான் மீண்டும் பணியமர்த்தப்பட்டார்.

புதிய பள்ளிகளும் எல்லைகளும்

பள்ளிகளில் இனப்பிரிவினை அரசமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. படிப்படியான இணைப்புக்குக் கல்விக் கண்காணிப்பாளர் விர்ஜில் பிளாசம் திட்டம் வகுத்தார். ஆயினும் 1956இல் கறுப்பின மாணவர்க்கு ஹொரேஸ் மான் பள்ளியும், 1957இல் வசதி மிக்க வெள்ளையினர் வாழ்ந்த மேற்குப் பகுதியில் ஹால் பள்ளியும் திறக்கப்பட்டன. ஹால் பள்ளி வெள்ளையின மாணவர்களுடனேயே தொடங்கியதால், இணைப்பின் சுமை முழுவதும் சென்ட்ரல் பள்ளியின்மீது விழுந்தது.

இழந்த ஆண்டு

1958 செப்டம்பரில் ஆளுநர் ஓர்வல் ஃபோபஸ் சென்ட்ரல், ஹால், மான், டெக்னிகல் ஆகிய நான்கு உயர்நிலைப் பள்ளிகளையும் மூடினார். அம்மாத இறுதியில் நடந்த வாக்கெடுப்பில் இணைப்புக்கு எதிராக 19,470 வாக்குகளும் ஆதரவாக 7,561 வாக்குகளும் பதிவாயின. ஒப்பந்தப்படி ஆசிரியர்கள் வெற்று வகுப்பறைகளுக்கு வந்து சென்றனர்.

வெள்ளையின மாணவர் 2,915 பேரும் கறுப்பின மாணவர் 750 பேரும் பள்ளியிழந்தனர். முன்னவருள் ஏறத்தாழ 93 விழுக்காட்டினர் தனியார் பள்ளி, வெளியூர்ப் பள்ளி முதலிய மாற்று வழிகளைக் கண்டனர். பின்னவருள் பாதிப்பேருக்கு எவ்வழியும் கிட்டவில்லை. ஆணை எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவாயினும் இழப்பு பொதுவாக அமையவில்லை என்பதற்கு இவ்வெண்களே சான்று.

1959 மே மாதத்தில், பள்ளிக் குழுவின் பிரிவினைவாத உறுப்பினர் மூவர் 44 ஆசிரியர்களையும் நிருவாகிகளையும் பணிநீக்க முயன்றனர். அதனை எதிர்த்த நகர மக்கள் அம்மூவரையும் வாக்களித்து விலக்கினர். பள்ளிமூடல் சட்டங்கள் செல்லாவெனக் கூட்டரசு நீதிமன்றம் ஜூன் மாதம் தீர்ப்பளித்தது. ஆகஸ்டு 12 அன்று பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்டன.

முடிவுரை

1971இல் இணைப்பு விரிவடைந்தபோது மான் பள்ளி இளநிலை உயர்நிலைப் பள்ளியாக மாற்றப்பட்டது. முன்னரே டன்பாரும் அந்நிலையை எய்தியிருந்தது. சென்ட்ரலும் ஹாலும் உயர்நிலைப் பள்ளிகளாகவே நீடித்தன. பிரிவினைக் காலத்தில் வாய்ப்பின்மையைச் சுமந்த கறுப்பினச் சமூகம், இணைப்பின்போது தான் வளர்த்த உயர்நிலைப் பள்ளிகளையும் இழந்தது. ஆகவே, கல்வி மாவட்ட வரலாற்றை ஆராய்வோர் எப்பள்ளி யாருக்குத் திறந்தது என்பதோடு, எப்பள்ளி யாருடைய இழப்பில் நிலைமாறியது என்பதையும் கருத்திற்கொள்ளுதல் இன்றியமையாதது.