வீட்டுத் திரையரங்கு ஒலிபெருக்கித் தெரிவு

வீட்டுத் திரையரங்கு ஒலிபெருக்கித் தெரிவு என்பது, வீட்டில் திரைப்படம் பார்ப்பதற்கென அமைக்கப்படும் ஒலித் தொகுதிக்கு வேண்டிய ஒலிபெருக்கிகளை, அறையின் அளவு, கேட்கும் தொலைவு, மிகைப்பியின் திறன், ஒதுக்கக்கூடிய பணம் ஆகியவற்றைக் கருத்திற்கொண்டு தேர்ந்தெடுப்பதைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இத் தொகுதி ஹோம் தியேட்டர் என்றும், ஒலிபெருக்கி ஸ்பீக்கர் என்றும், மிகைப்பி ஆம்ப்ளிஃபயர் என்றும் அழைக்கப்படுகின்றன. தொலைக்காட்சியையும் மிகைப்பியையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற நேரலாம். நல்ல ஒலிபெருக்கியோ இருபது ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கக்கூடியது. எனவே குறைந்த செலவில் முதன்முறையாக அமைப்பவர்கள் கூடுதல் கவனம் செலுத்த வேண்டிய உறுப்பு இதுவே. பணம் குறைவாக இருக்கும்போது ஐந்து மலிவான ஒலிபெருக்கிகளைவிட இரண்டு நல்ல ஒலிபெருக்கிகளோடு தொடங்குவது மேலானது. அதற்கான காரணங்கள் கீழே விளக்கப்படுகின்றன.

பின்னணி

இன்று பயன்பாட்டிலுள்ள ஒலிபெருக்கிகளில் மிகப் பெரும்பாலானவை இயங்கு சுருள் வகையைச் சேர்ந்தவை. காந்தப் புலத்தில் வைக்கப்பட்ட கம்பிச் சுருளில் மின்னோட்டம் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசைகின்றது. அதனுடன் ஒட்டப்பட்ட கூம்பு காற்றைத் தள்ளி ஒலியை உண்டாக்குகின்றது. 1925 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலாக் ஆகியோர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதன் அடிப்படையை வகுத்தது. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961 ஆம் ஆண்டிலும், ரிச்சர்ட் சுமால் 1970களின் தொடக்கத்திலும் வெளியிட்ட ஆய்வுகள், குறிப்பிட்ட கூம்புக்கு எத்தனை லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டி வேண்டும் என்பதைக் கணக்கிட்டே அறிய வழி செய்தன. விலை குறைந்த ஒலிபெருக்கிகளும் நன்றாக ஒலிக்கக் கூடிய நிலை உருவானதற்கு இது ஒரு முக்கிய காரணம் ஆகும்.

திரைப்படங்களில் 5.1 தட இலக்கமுறை ஒலியை டால்பி நிறுவனம் 1992 ஆம் ஆண்டில் பேட்மேன் ரிட்டர்ன்ஸ் படத்தின் மூலம் திரையரங்குகளுக்குக் கொண்டுவந்தது. டிவிடி 1996 ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன்பின் இவ்வொலி அமைப்பு வீடுகளுக்குள்ளும் பரவியது. 5.1 என்பதில் 5 என்பது இடம், நடு, வலம், பக்க இடம், பக்க வலம் ஆகிய முழுத் தடங்களையும், புள்ளிக்குப் பின்னுள்ள 1 என்பது ஏறத்தாழ 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட தாழ்சுருதி விளைவுகளுக்கான தனித் தடத்தையும் குறிக்கும். பிற்காலத்தில் வந்த டால்பி அட்மாஸ் போன்ற முறைகள் கூரைப் பக்க ஒலியையும் சேர்த்தன. முதல் தொகுதிக்கு அவை தேவையற்ற செலவு.

பெட்டித் தொகுதிகளின் சிக்கல்

ஐந்து சிறு ஒலிபெருக்கிகளும் ஒரு சப்வூஃபரும் ஒரே அட்டைப் பெட்டியில் விற்கப்படுவது, குறைந்த விலையில் எளிதாகக் கிடைக்கும் வடிவம் ஆகும். இவற்றின் சிறு ஒலிபெருக்கிகளில் பெரும்பாலும் மூன்று அங்குல அளவிலான கூம்பு ஒன்றே இருக்கும். அவ்வளவு சிறிய கூம்பால் 150 முதல் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ் போதிய காற்றைத் தள்ள இயலாது. அதனால் அந்த எல்லை வரையிலான வேலை முழுவதும் சப்வூஃபரிடம் விடப்படுகின்றது. வயது வந்த ஆண்குரலின் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை உள்ளது. விளைவாக, திரையில் நடுவே நின்று பேசுபவரின் குரலில் ஒரு பகுதி அறையின் மூலையில் இருந்து வருகின்றது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலி எந்தத் திசையிலிருந்து வருகின்றது என்பதைச் செவி எளிதில் அறிவதில்லை; 150 ஹெர்ட்ஸில் அறிந்துவிடும்.

இன்னொரு குறை பலர் கவனிக்காதது. இத்தகைய தொகுதிகள் பலவற்றில் புளூடூத், யூஎஸ்பி, இரு தட ஆக்ஸ் ஆகிய உள்ளீடுகள் மட்டுமே உள்ளன. இவற்றின் வழியே வருவது இரு தட ஒலி. அதனையே ஐந்து ஒலிபெருக்கிகளுக்கும் பகிர்ந்து கொடுப்பதால், பெட்டியின் மேல் 5.1 என்று அச்சிடப்பட்டிருந்தாலும் படத்தின் உண்மையான பக்கத் தடங்கள் கேட்பவரை அடைவதேயில்லை. வாங்குமுன் பின்புறத்தில் எச்டிஎம்ஐ அல்லது ஒளியிழை உள்ளீடு உள்ளதா எனவும், டால்பி டிஜிட்டல் குறிநீக்கும் வசதி குறிப்பிடப்பட்டுள்ளதா எனவும் பார்த்தல் வேண்டும்.

வாட்டு எண்கள்

விளம்பரங்களில் பெரிதாக அச்சிடப்படும் பி.எம்.பி.ஓ வாட்டு எண்ணுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட அளவீட்டு முறை எதுவும் இல்லை. ஆயிரக்கணக்கான வாட்டு என்று கூறும் கருவியின் பின்புறத் தகட்டில் மின் நுகர்வு 60 வாட்டு என்று எழுதியிருப்பதைக் காணலாம். சுவரிலிருந்து 60 வாட்டு பெறும் கருவி, தொடர்ச்சியாக 60 வாட்டுக்கு மேல் வெளியிட முடியாது என்பது ஆற்றல் அழியா விதியின்படி தெளிவு. மின்தேக்கிகளில் சேமித்த ஆற்றலால் நொடியின் சிறு பகுதிக்குக் கூடுதலாகத் தரலாம், அவ்வளவே. ஒப்பிட உதவுவது ஆர்.எம்.எஸ் எனப்படும் தொடர் திறன் அளவு. அதுவும் எத்தனை ஓம் சுமையில், எத்தனை தடங்கள் ஒரே நேரத்தில் இயங்கும்போது, எவ்வளவு உருக்குலைவோடு அளக்கப்பட்டது என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் பொருள்படும். இவ்வகை மிகைப்படுத்தல் புதியதன்று. ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1974 ஆம் ஆண்டிலேயே மிகைப்பித் திறன் விளம்பரங்களுக்கு விதி இயற்றியது. 2024 ஆம் ஆண்டில் அவ்விதி திருத்தப்பட்டது.

உணர்திறன்

ஒரு வாட்டு திறன் கொடுக்கும்போது ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபெல் ஒலி கிடைக்கின்றது என்பதே ஒலிபெருக்கியின் உணர்திறன் ஆகும். வாட்டு எண்ணைவிட இது பயனுள்ளது. வீட்டு ஒலிபெருக்கிகளில் இது பொதுவாக 84 முதல் 92 டெசிபெல் வரை இருக்கும். மூன்று டெசிபெல் கூடுதல் ஒலி பெற இரு மடங்கு திறன் வேண்டும். எனவே 90 டெசிபெல் ஒலிபெருக்கி 25 வாட்டில் தரும் ஒலியைப் பெற, 87 டெசிபெல் ஒலிபெருக்கிக்கு 50 வாட்டும், 84 டெசிபெல் ஒலிபெருக்கிக்கு 100 வாட்டும் தேவை.

87 டெசிபெல் ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். திறந்தவெளியில் இத் தொலைவில் ஒலி ஏறத்தாழ 9.5 டெசிபெல் குறையும். ஆகவே ஒரு வாட்டுக்கு 77.5 டெசிபெல் கிடைக்கும். தெளிவான உரையாடலுக்கு 75 டெசிபெல் தாராளம். அதற்கு வேண்டியது அரை வாட்டைச் சற்றே தாண்டிய திறன். வெடிச் சத்தம் போன்றவற்றுக்கு 95 டெசிபெல் வேண்டுமெனில் சுமார் 56 வாட்டு தேவைப்படும். சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்வதால் அறைக்குள் இதைவிடக் குறைவாகவே போதும். நடுத்தர அளவுள்ள கூடத்துக்குத் தடத்துக்கு 50 உண்மையான வாட்டு தரும் மிகைப்பி குறைவானதல்ல என்பதை இக் கணக்கு காட்டும்.

சில நிறுவனங்கள் ஒரு வாட்டுக்குப் பதில் 2.83 வோல்ட்டு என்று குறிப்பிடும். இந்த அழுத்தம் 8 ஓம் சுமையில் ஒரு வாட்டையும் 4 ஓம் சுமையில் இரண்டு வாட்டையும் தருகின்றது. ஆகவே 4 ஓம் ஒலிபெருக்கியின் உணர்திறன் எண் மூன்று டெசிபெல் கூடுதலாகத் தோன்றும். மலிவான மிகைப்பிகள் 4 ஓம் சுமையில் சூடேறுவதும் உண்டு. முதல் தொகுதிக்கு 6 அல்லது 8 ஓம் பாதுகாப்பானது.

எது நல்ல ஒலிபெருக்கி

கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் பணியாற்றிய ஃபிலாய்ட் டூல், பெயரும் விலையும் தெரியாதபடி திரைக்குப் பின்னால் ஒலிபெருக்கிகளை வைத்துக் கேட்பவர்களிடம் கருத்துக் கேட்டார். 1980களில் வெளியான இவ்வாய்வுகளின்படி, பெட்டியைப் பார்க்காதபோது மனிதரின் விருப்பங்கள் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போகின்றன. நேர் முன்னே சமனான அலைவெண் எழுச்சியும், பக்கவாட்டில் சீராகக் குறைந்து செல்லும் ஒலியும் உடைய ஒலிபெருக்கிகளே விரும்பப்பட்டன. ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்ற விற்பனையாளர் வாதத்தை இது பெருமளவு தளர்த்துகின்றது. இத்தகைய அளவீடுகளை இன்று பலர் இணையத்தில் கட்டணமின்றி வெளியிடுகின்றனர்.

குறைந்த விலையிலும் இது இயலும் என்பதற்கு 2012 ஆம் ஆண்டில் வெளிவந்த பயனியர் எஸ்பி-பிஎஸ்22 நல்ல எடுத்துக்காட்டு. மிக விலை உயர்ந்த டிஏடி ஒலிபெருக்கிகளை வடிவமைத்த ஆண்ட்ரூ ஜோன்ஸ் இதனையும் வடிவமைத்தார். நான்கு அங்குல வூஃபர், ஓர் அங்குல ட்வீட்டர், இவற்றுக்கிடையே அலைவெண்களைப் பிரிக்க ஆறு உறுப்புகள் கொண்ட கிராஸ்ஓவர் சுற்று ஆகியவற்றோடு இணை ஒன்று 200 டாலருக்கும் குறைவாக விற்கப்பட்டது. இவ்விலையில் பல நிறுவனங்கள் ட்வீட்டருக்கு முன் ஒற்றை மின்தேக்கியை மட்டும் வைத்து முடித்துவிடும். அதன் உணர்திறன் 85 டெசிபெல் மட்டுமே என்பது குறை. இப்பொழுது அது தயாரிப்பில் இல்லை.

அறையும் இடமும்

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் காணப்படும் சிமெந்துச் சுவர், ஓடு பதித்த தரை கொண்ட கூடங்கள் ஒலியைப் பெருமளவு எதிரொளிப்பவை. வெறுங் கூடத்தில் ஒருமுறை கைதட்டினால் கேட்கும் உலோகத்தன்மையான அதிர்வே உரையாடலைக் குழப்புவது. தடித்த திரைச்சீலை, தரையில் விரித்த ஜமக்காளம், நூல்கள் அடுக்கிய அலமாரி ஆகியவை தரும் முன்னேற்றம், ஒலிபெருக்கியை ஒரு படி விலை உயர்ந்ததாக மாற்றுவதால் கிடைப்பதைவிடப் பெரிதாக இருப்பதுண்டு.

தாழ்சுருதியில் அறையின் அளவே ஆட்சி செய்கின்றது. நான்கு மீட்டர் நீளத்துக்கு 43 ஹெர்ட்ஸிலும், மூன்று மீட்டர் அகலத்துக்கு 57 ஹெர்ட்ஸிலும் நிலை அலைகள் தோன்றும். கூரையின் உயரமும் மூன்று மீட்டர் எனில் 57 ஹெர்ட்ஸ் இருமுறை வலுப்பெறும். சில சுரங்கள் மட்டும் முழங்குவதற்கு இதுவே காரணம். பழி பெரும்பாலும் ஒலிபெருக்கியின் மேல் விழுகின்றது. பின்புறத் துளையுள்ள பெட்டிகளைச் சுவரோடு ஒட்டி வைத்தால் முழக்கம் மிகும். முன் இணையைக் கேட்பவரின் நேர்கோட்டிலிருந்து இருபுறமும் 30 பாகை கோணத்தில், ட்வீட்டர் அமர்ந்திருப்பவரின் காது உயரத்தில் இருக்குமாறு வைப்பது முறை. பக்க ஒலிபெருக்கிகளுக்கு 110 பாகை அளவு பரிந்துரைக்கப்படுகின்றது.

வாங்கும் வரிசை

முதலில் ஐந்தரை அல்லது ஆறரை அங்குல வூஃபர் கொண்ட முன் இணை. ரிசீவரில் நடு ஒலிபெருக்கி இல்லை என்று அமைத்தால், நடுத் தடம் இரண்டுக்கும் சமமாகப் பகிரப்பட்டு, நடுவில் அமர்பவருக்குத் திரையிலிருந்தே குரல் வருவதுபோல் தோன்றும். பணம் மிகக் குறைவெனில் ரிசீவரும் வேண்டாம்: இரு தட மிகைப்பி ஒன்றை வாங்கி, தொலைக்காட்சியின் ஒலி வெளியீட்டை பிசிஎம் என்று மாற்றிக்கொண்டால் போதும். பின்னாளில் விரிவாக்கும் எண்ணம் உள்ளவர்கள் தொடக்கத்திலேயே ரிசீவர் வாங்குவது இருமுறைச் செலவைத் தவிர்க்கும்.

அடுத்து நடு ஒலிபெருக்கியா, சப்வூஃபரா என்பது அமரும் ஆட்களைப் பொறுத்தது. குடும்பமே வரிசையாக அமர்ந்தால், ஓரத்தில் இருப்பவருக்குக் குரல் அருகிலுள்ள ஒலிபெருக்கிக்குள் ஒடுங்கிவிடும். அங்கு நடு ஒலிபெருக்கி இன்றியமையாதது. அது முன் இணையின் அதே வரிசையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். இல்லையேல் திரையின் குறுக்கே நடந்து பேசுபவரின் குரல் நிறம் மாறும். ஒருவர் அல்லது இருவர் மட்டும் பார்க்கும் வீட்டில் சப்வூஃபர் முந்தலாம். அதனை அமரும் இருக்கையில் வைத்து இசைக்கவிட்டு, அறையின் ஓரங்களில் குனிந்து நடந்து, தாழ்சுருதி சீராகக் கேட்கும் இடத்தைக் கண்டு அங்கு நிறுவுவது பழகிய முறை ஆகும். பிரிப்பு அலைவெண் 80 ஹெர்ட்ஸ் என்பது பொதுவான தொடக்கம். அடுக்குமாடிக் குடியிருப்பில் தாழ்சுருதி தளம் கடந்து செல்லும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். பக்க ஒலிபெருக்கிகள் இறுதியில் வரலாம். படத்தின் நேரத்தில் பெரும்பகுதி அவை மெல்லிய சூழல் ஒலியையே தருகின்றன.

கம்பிக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. 1.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செப்புக் கம்பியில் ஐந்து மீட்டர் தொலைவுக்குப் போகவரத் தடை 0.12 ஓம் அளவே. 8 ஓம் ஒலிபெருக்கியில் இதனால் இழப்பது 0.15 டெசிபெல்லுக்கும் குறைவு. இது செவிக்குப் புலப்படாது.

பழைய ஒலிபெருக்கிகள்

ஒலிபெருக்கிகள் மெல்லவே மூப்படைவதால், பயன்படுத்தியவற்றை வாங்குவது சிக்கனமான வழி. கூம்பின் விளிம்பு நுரையால் ஆனதெனில் ஈரப்பதமான கடற்கரை நகரங்களில் அது சில ஆண்டுகளில் பொடியாக உதிரலாம். ரப்பர் விளிம்பு நீடிக்கும். விரல்களால் கூம்பை மெதுவாகச் சீராக உள்ளே அழுத்தும்போது உரசும் ஓசை கேட்டால் சுருள் பழுதடைந்துள்ளது எனக் கொள்ளலாம். ட்வீட்டர் அருகே காதை வைத்து மெல்லிய ஒலியில் இசைத்துப் பார்த்தல் வேண்டும்; எரிந்த ட்வீட்டர் உள்ள பெட்டியும் முதற் கேள்வியில் சற்று மங்கலான ஒலியுடையது போலவே தோன்றும். முனைகள் மாறியிருக்கும் ஐயம் இருந்தால், 1.5 வோல்ட்டு மின்கலத்தின் நேர்முனையைச் சிவப்பு முனையிலும் எதிர்முனையைக் கறுப்பு முனையிலும் ஒரு கணம் தொட வேண்டும். வூஃபர் கூம்பு வெளியே நகர்ந்தால் இணைப்பு சரி. இணையில் ஒன்று மட்டும் உள்ளே நகர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இயங்கும். தாழ்சுருதி மெலிந்து, நடுவில் நிற்க வேண்டிய குரல் அறையெங்கும் சிதறும்.