விசிட் விசாவில் போனால் வேலை நிலைக்குமா?

எலப்புள்ளிக்காரர்களுக்கு எல்லை தாண்டுவது பெரிய காரியம் அல்ல. காலையில் பஸ் ஏறி, வாளையாறைக் கடந்து, கோவையில் வேலை பார்த்துவிட்டு இரவு வீடு திரும்புகிறவர்கள் உண்டு. கொழிஞ்சாம்பாறை வழியாகப் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய் வருகிறவர்களும் உண்டு. மாநிலம் மாறும்; மொழி மாறும்; ஆனால் யாரும் காகிதம் கேட்பதில்லை.

2020-ம் ஆண்டு மே மாதம் அது மாறியது. கொரோனா ஊரடங்கின்போது, பாஸ் இல்லாமல் வந்தவர்கள் வாளையாறு சோதனைச் சாவடியில் தடுத்து நிறுத்தப்பட்டார்கள். வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தும், ஒரு காகிதம் இல்லாததால் வெயிலில் காத்துக் கிடந்தார்கள். கையில் காகிதம் இல்லாதவன் நிலை என்ன என்பதை இந்தப் பகுதி மக்கள் அப்போது நேரில் கண்டார்கள்.

அந்த நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். சுற்றுலா விசாவில் வெளிநாடு போய், கெடு முடிந்த பிறகும் அங்கேயே தங்கிவிட்டவர்கள்தான் அவர்கள்.

"போனதும் விசா அடித்துவிடலாம்"

இது எப்படித் தொடங்குகிறது? ஏஜெண்டு சொல்லும் வார்த்தை எங்கும் ஒன்றுதான். "இப்போதைக்கு விசிட் விசாவில் போங்க. போனதும் கம்பெனி விசா அடிச்சுக் கொடுத்திடுவாங்க."

இது முழுப் பொய்யும் அல்ல. ஐக்கிய அரபு நாடுகளுக்கு விசிட் விசாவில் போய், முறையான கம்பெனி கிடைத்து, அங்கேயே வேலை விசாவுக்கு மாறியவர்கள் உண்டு. ஒருவர் அப்படி மாறியதைப் பார்த்துத்தான் பத்துப் பேர் கிளம்புகிறார்கள்.

வேலை தேடுவது வேறு, வேலை செய்வது வேறு. வேலை அனுமதி இல்லாமல் ஒரு நாள் வேலை பார்த்தாலும் அது அங்கே சட்டப்படி குற்றம். அப்படி ஆள் வைக்கும் முதலாளிக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹம் வரை அபராதம் விதிக்க 2024-ம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே, சோதனை என்று வந்துவிட்டால் முதலாளி முதலில் சொல்லும் பதில், "இந்த ஆளை எனக்குத் தெரியாது" என்பதாகவே இருக்கும்.

நாள் ஒன்றுக்கு 50 திர்ஹம்

விசிட் விசா பெரும்பாலும் 30 நாள் அல்லது 60 நாளுக்குத்தான். கெடு முடிந்தும் வெளியேறாவிட்டால் நாள் ஒன்றுக்கு 50 திர்ஹம் அபராதம் ஏறிக்கொண்டே போகும். ஓர் ஆண்டு தங்கினால் 18,250 திர்ஹம். நம் பணத்தில் 4 லட்சம் ரூபாய்க்கு மேல்!

பனையும் வயலும் உள்ள ஒரு குடும்பம், வயலை அடகு வைத்து மகனை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதம் சம்பளம் வருகிறது. நான்காம் மாதம் பாதி வருகிறது. பிறகு நின்றுபோகிறது. வேலை ஒப்பந்தம் இல்லாததால் சம்பளப் பாக்கியைக் கேட்டு வழக்காடுவது கடினம். புகார் கொடுக்கப் போனால் முதலில் மாட்டுவது அவரேதான். ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வருகிறது. டிக்கெட்டுக்குப் பணம் புரட்டிவிடலாம். அபராதத்துக்கு எங்கே போவது? அடகு வைத்த வயலுக்கு வட்டி இங்கே ஏறுகிறது. அபராதம் அங்கே ஏறுகிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவன் அந்த ஒரு பிள்ளைதான்.

முன்பெல்லாம் கெடு முடியும்போது ஈரான் நாட்டின் கீஷ் தீவுக்குப் போய், புது விசா வரும்வரை காத்திருந்து, திரும்பவும் துபாய்க்குள் நுழைவார்கள். விசா வராமல் அந்தத் தீவில் காசு தீர்ந்து தவித்தவர்களும் உண்டு.

பொது மன்னிப்பு எப்போதாவதுதான்

இப்படிச் சிக்கியவர்களுக்கு அவ்வப்போது பொது மன்னிப்பு அறிவிக்கப்படுவது உண்டு. ஐக்கிய அரபு நாடுகள் 1996, 2003, 2007, 2018 ஆகிய ஆண்டுகளில் அறிவித்தன. 2024-ல் செப்டம்பர் 1 முதல் அக்டோபர் இறுதி வரை என்று அறிவித்து, பிறகு டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். அபராதம் கட்டாமல், மறுபடி வரத் தடையும் இல்லாமல் ஊர் திரும்பலாம். அல்லது வேலை கிடைத்தால் முறையான விசாவுக்கு மாறலாம் என்று சலுகை தரப்பட்டது. பாஸ்போர்ட் தொலைத்தவர்களுக்கு இந்தியத் தூதரகம் 'அவுட்பாஸ்' கொடுத்தது.

ஆனால் ஒரு மன்னிப்புக்கும் அடுத்த மன்னிப்புக்கும் இடையே பல ஆண்டுகள் கழிகின்றன. அதை நம்பிக் காத்திருப்பது மழையை நம்பி விதைப்பதைவிட மோசம்.

மலேசியாவில் கெடு தாண்டித் தங்கினால் குறைந்தது 10,000 ரிங்கிட் அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். சிங்கப்பூரில் 90 நாளுக்கு மேல் கள்ளத்தனமாகத் தங்கிய ஆண்களுக்குச் சிறையோடு பிரம்படியும் உண்டு.

கம்ப்யூட்டர் வேலை என்று ஒரு வலை

படித்த பிள்ளைகளுக்கு வேறு வலை விரிக்கப்படுகிறது. 'தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம்' என்று சொல்லி சுற்றுலாப் பயணியாக அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்தி, இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவிடுகிறார்கள். 2025 மார்ச் 10, 11 தேதிகளில் இப்படி மீட்கப்பட்ட 549 இந்தியர்கள் தாய்லாந்தின் மே சோட் நகரிலிருந்து விமானப்படை விமானங்களில் தாயகம் கொண்டுவரப்பட்டார்கள்.

சட்டம் தரும் பாதுகாப்பு

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக 'இ.சி.ஆர்.' வகையைச் சேர்ந்தது. வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக, 1983-ம் ஆண்டு எமிகிரேஷன் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். இதைப் பலர் தொல்லை என்று நினைக்கிறார்கள். உண்மையில் இது வேலி. ஒப்பந்தம் உண்டா, சம்பளம் என்ன என்று அங்கேதான் பார்க்கிறார்கள். விபத்தில் இறந்தாலோ, நிரந்தர ஊனம் அடைந்தாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும் 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' காப்பீடும் இதோடு சேர்ந்து வருகிறது. இரண்டு ஆண்டுக்குப் பிரீமியம் 275 ரூபாய்தான்.

விசிட் விசாவில் போகிறவர் இந்த வேலியைச் சுற்றிக்கொண்டு போகிறார். ஏஜெண்டுக்கு அதுதான் வசதி.

போகும் முன் பார்க்க வேண்டியவை

ஏஜெண்டு மத்திய அரசின் லைசென்ஸ் பெற்றவரா என்பதை 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். லைசென்ஸ் பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான் வாங்கலாம். கொடுக்கும் பணத்துக்கு ரசீது கேட்க வேண்டும். ஆஃபர் லெட்டர் வேறு, வேலை விசா வேறு என்பதை மறக்கக் கூடாது.

ஏமாந்தவர்களுக்கு இந்தப் பகுதியில் இன்னொரு குழப்பம் உண்டு. வீடு பாலக்காடு மாவட்டத்தில். பணம் வாங்கியவர் கோவையில். எந்த மாநிலப் போலீசிடம் போவது? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். கொச்சியில் உள்ள எமிகிரேஷன் பாதுகாவலர் அலுவலகத்துக்கும், கேரள அரசின் நோர்க்காவுக்கும் எழுதலாம்.

வாளையாறில் 2020-ல் காத்துக் கிடந்தவர்களுக்குச் சில நாளில் பாஸ் கிடைத்தது. வீடு போய்ச் சேர்ந்தார்கள். கடல் கடந்த நாட்டில் காகிதம் இல்லாமல் நிற்பவனுக்கு அந்தக் காத்திருப்பு எப்போது முடியும் என்று யாரும் சொல்ல முடியாது. வயலை அடகு வைக்கும் முன் விசாவில் என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டில் ஒருவராவது வாங்கிப் படித்துப் பார்க்கட்டும்.