மலைமேல் இருந்த ஓடைத் தங்கம்

1896 ஆகஸ்டில், கனடாவின் யூகான் பகுதியில், கிளாண்டைக் ஆற்றில் வந்து சேரும் ஒரு சின்ன ஓடையில் தங்கம் கிடைத்தது. கண்டெடுத்தவர்கள் ஜார்ஜ் கார்மாக்கும், அவருடைய டாகிஷ் பழங்குடி உறவினர்களான ஸ்கூக்கம் ஜிம், டாஸன் சார்லி ஆகியோரும். முயல் ஓடை என்றிருந்த பெயர் பொனான்சா ஓடை என்று மாறியது. இதுவரைக்கும் நிறைய பேருக்குத் தெரிஞ்ச கதைதான். என்னை யோசிக்க வெச்சது அடுத்த வருஷம் நடந்தது.

1897க்குள் ஓடையோர நிலம் முழுக்க ஆளுக்கொரு துண்டாகப் போய்விட்டது. தாமதமாக வந்த சிலர், வேற வழியில்லாம, ஓடைக்கு ரொம்ப மேலே மலைச்சரிவில் தோண்டினாங்க. பழைய ஆட்களுக்குச் சிரிப்பு. தங்கம் கனமானது, பள்ளத்துக்குத்தானே போகும்? ஆனா அங்கேயும் கிடைச்சது. அதில் ஒரு மேட்டுக்குப் பேரே சீச்சாக்கோ ஹில். சீச்சாக்கோ என்றால் அந்த ஊர் வழக்கில் 'புதுசா வந்தவன்'.

சிரித்தவர்கள் சொன்னதில் பாதி சரி. குவார்ட்ஸ் கல்லின் அடர்த்தி 2.65, தங்கத்தின் அடர்த்தி 19.3. அதாவது ஏழு மடங்கு. ஆனா தண்ணீருக்குள்ள இரண்டிலும் 1 கழிச்சுக்கணும்: 1.65க்கு எதிரே 18.3. வித்தியாசம் பதினொரு மடங்காகிடுது! அரிசி களையும்போது கல் அடியில் நிக்குமே, அதே சங்கதிதான். வெள்ளம் சரளையை உருட்டிக்கொண்டு போகப்போக, தங்கம் இடுக்குகள் வழியா இறங்கி அடிப்பாறையில் போய் உட்கார்ந்துவிடும். அங்கே அடிப்பாறை சிஸ்ட், ஏடு ஏடாகப் பிளக்கும் வகை. அந்தப் பிளவுகளே பொறி. அதனால்தான் உறைந்த மண்ணை விறகுத் தீயால் இளக்கி, குழி தோண்டி, பாறை வரைக்கும் இறங்கினார்கள்.

அவர்கள் கோட்டைவிட்டது ஓடையின் வயசை. சில மில்லியன் வருஷங்களுக்கு முன்னால் ஓடைகள் இப்போதைய மலைச்சரிவின் உயரத்தில்தான், அகலமான பள்ளத்தாக்குகளில், ஓடிக்கொண்டிருந்தன. வெளிறிய நிறத்தில் இருக்கும் அந்தப் பழைய படுகைக்கு 'ஒயிட் சேனல்' சரளை என்று பேர். பின்னாடி ஓடைகள் பாறையை அறுத்துக்கொண்டு கீழே இறங்கியபோது, பழைய படுகையின் துண்டுகள் திண்ணை மாதிரி ரெண்டு பக்கமும் மேலேயே தங்கிவிட்டன. அறுபட்டுச் சரிந்த சரளையை ஓடை மறுபடியும் அலசியது. கீழே இருந்த தங்கத்தில் பெரும்பகுதி இப்படி ரெண்டாவது தடவை சலிக்கப்பட்டது. சீச்சாக்கோக்கள் தோண்டியது முதல் சலிப்பை.

பனியுகத்தில் கனடாவின் பெரும்பகுதியைப் பனிப்பாளங்கள் வழித்துவிட்டன. கிளாண்டைக் அதில் தப்பிய பகுதி. இல்லைன்னா இந்தச் சரளை அங்கே மிஞ்சியிருக்காது.

ஒரு கேள்விக்கு மட்டும் யாருக்கும் திருப்தியான விடை கிடைக்கவில்லை: இத்தனை தங்கமும் வந்த 'தாய்ப்பாறை' எங்கே? தேடியவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் மலைகளில் சிதறிக் கிடக்கும் குவார்ட்ஸ் நரம்புகள்தான். பெரிய பாறை ஒன்று இருந்தே ஆகணும்னு கட்டாயமில்லை என்று எனக்குத் தோணுது. இப்பவும் கோடையில் அங்கே ஆட்கள் சரளையைத்தான் அலசிக்கிட்டிருக்காங்க.