கயிறு யார் கையில்?

ஒரு கேள்வி. பதிலை உடனே சொல்ல வேண்டாம். ஒரு டீ குடித்துவிட்டு யோசித்துச் சொன்னால் போதும்.

எட்டு, பத்து பாகம் ஆழமுள்ள கடலில் நீங்கள் முத்துக் குளிக்க இறங்குகிறீர்கள். கல்லின் கனத்தில் சர்ரென்று கீழே போய்விடலாம். சிப்பிகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, மூச்சு முட்டும்போது கயிற்றை ஒரு சுண்டு சுண்ட வேண்டும். தோணியில் இருக்கிற ஆள் உடனே இழுக்கணும். அவர் கொஞ்சம் அசந்தால் உங்கள் கதை முடிந்தது. அந்தக் கயிற்றை யார் கையில் கொடுப்பீர்கள்?

ஆபீஸ் நண்பனிடமா? அவன் செல்போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருப்பான், சார்!

முத்துக் கடற்கரையில் இதற்கு ஒரு பதில் சொல்வார்கள்: 'மச்சான் கையில்!' அதாவது, பெண்டாட்டியின் உடன்பிறந்தவன். கயிறு நழுவினால் அறுவது அவன் அக்கா தாலி அல்லவா? தூங்கவே மாட்டான்!

தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடந்ததோடு பெரிய அளவு முத்துக்குளிப்பு நின்றுபோனது. ஆனால் கயிற்றுக் கேள்வி மட்டும் இன்னும் அப்படியே நிற்கிறது. நம்பி மூழ்க ஒரு ஆள் வேண்டும். எல்லா மனுஷனுக்கும் உள்ள ஏக்கம் அதுதானே?

மூன்று ஞாயிறு, ஒரு கேள்வி

மணப்பாட்டுக்கும் உவரிக்கும் இடையில் இருக்கிறது பெரியதாழை. கடலையும் கோயிலையும் நம்பி வாழ்கிற ஊர். இந்தக் கரையின் பரதவர்கள் 1530-களில் கிறிஸ்தவ மதத்துக்கு வந்தார்கள். 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்து சேர்ந்தார்.

இங்குள்ள கத்தோலிக்கக் கோயில்களில் கல்யாணத்துக்கு முன்னால் 'ஓலை வாசிப்பார்கள்'. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தால் பங்குச் சாமியாரிடம் சொல்லுங்கள் என்று ஊர் முழுக்கக் கேட்க, மூன்று முறை அறிவிப்பு. மாப்பிள்ளைக்கு அந்த மூன்று ஞாயிறும் லேசாக வியர்க்கும்!

இந்த வழக்கத்துக்குப் பின்னால் பெண்களின் கண்ணீர் இருக்கிறது. அந்தக் கால ஐரோப்பாவில் சில ஆசாமிகள் ஒருத்தியை ரகசியமாக மணந்துகொண்டு, பிறகு 'யார் நீ?' என்று கைகழுவிவிட்டு, இன்னொருத்தியை ஊரறியக் கட்டிக்கொண்டார்கள். 1563-ல் இத்தாலியின் டிரெண்ட் நகரில் கூடிய பொதுச்சங்கம் இதற்குக் கடிவாளம் போட்டது. மூன்று முறை அறிவிக்க வேண்டும் என்றது. குருவும் சாட்சிகளும் முன்னால் இல்லாவிட்டால் கல்யாணமே செல்லாது என்றது.

1983-ம் வருஷத்துச் சபைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. சேர்ந்து வாழ்வதையே குலைக்கக்கூடிய ஒரு விஷயத்தை, சம்மதம் வாங்குவதற்காகவே ஏமாற்றி மறைத்திருந்தால், அந்தத் திருமணம் செல்லாது. பத்து வருஷத்துப் பழைய போட்டோவை அனுப்புகிறவர்கள் பயப்பட வேண்டாம், அவ்வளவு தூரம் போகாது. ஆனாலும் போட்டோவை மாற்றிவிடுவது நல்லது!

உண்மை முதலில், தாலி பிறகு. அதற்கப்புறம்தான் அந்த அருமையான வார்த்தை வருகிறது: 'பிரமாணிக்கம்'. கத்தோலிக்க மாப்பிள்ளையும் பெண்ணும் பீடத்தின் முன் ஒருவருக்கொருவர் தரும் வாக்கு அது. 'எப்பவும் உன்னைப் பார்த்தா ஜிவ்வுன்னு இருக்கும்' என்று யாரும் சத்தியம் செய்யச் சொல்வதில்லை. ஜிவ்வென்று இல்லாத நாளிலும் கயிற்றை விடமாட்டேன் என்பதே சத்தியம்.

ஒரு உத்தியோகஸ்தரும் அவர் மனைவியும்

பெரியதாழையை விட்டு மேற்கே, உள்நாட்டுப் பக்கம் போனால் வடக்கன்குளம். அங்கே இந்த வார்த்தைக்கு ஒரு சாட்சி உண்டு.

திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மாவின் அரசில் உத்தியோகம் பார்த்தவர் நீலகண்ட பிள்ளை. நம்மைப் போல ஆபீஸ்காரர்தான். 1741 குளச்சல் போருக்குப் பின் சிறைப்பட்டு, அதே அரசரிடம் பணியில் சேர்ந்த டச்சுப் படை வீரர் டிலனாய் மூலம் கிறிஸ்துவை அறிந்து, 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார்.

மனைவி பார்கவி அம்மாளுக்கு முதலில் தயக்கம். உறவுக்காரர்கள் என்ன சொல்வார்கள்? அவர் ஒளித்து மறைத்து இரட்டை வாழ்க்கை நடத்தவில்லை. தன் மனசை அவளிடம் திறந்து சொன்னார். அவரும் பிறகு ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார்.

1749-ல் கைது. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அவமானம். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்துக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 'நமக்கேன் வம்பு' என்று ஞானப்பூ பழைய வாழ்க்கைக்குத் திரும்பியிருக்கலாம், கேட்பார் யாரும் இல்லை. அவரோ கணவர் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளத்துக்கே போய், 1766-ல் சாகும்வரை அங்கேயே வாழ்ந்தார். கல்லறையும் அங்கேதான்.

2022 மே 15-ல் வத்திக்கானில் தேவசகாயத்தைப் புனிதர் என்று போப் பிரான்சிஸ் அறிவித்தார். இந்தியாவிலிருந்து அந்தப் பெயர் பெற்ற முதல் பொதுநிலையினர். துறவி அல்ல, குடும்பஸ்தர்! விழா அவருக்கு. மறுமுனையில் பதினான்கு வருஷம் கயிற்றை விடாமல் பிடித்திருந்தவர் ஞானப்பூ.

ஸ்டெப்னி முத்து

இயேசு சொன்ன ஒரு குட்டிக் கதை இந்த முத்துக்கரைக்கென்றே சொன்னது போலிருக்கும். நல்ல முத்துக்களைத் தேடி அலைந்த வியாபாரி விலையுயர்ந்த ஒரு முத்தைக் கண்டான். போய், தனக்கு உள்ளதையெல்லாம் விற்று அதை வாங்கினான். கடவுளின் அரசைப் பற்றிய கதைதான். காதலுக்கும் பொருந்தாமலா போகும்? கவனியுங்கள், 'எதுக்கும் இருக்கட்டும்' என்று அவன் ஸ்டெப்னியாக இரண்டு முத்தை எடுத்து வைத்துக்கொள்ளவில்லை!

'உண்மையான அன்பு கிடைக்கலியே' என்று புலம்பாத ஆள் கிடையாது. கயிற்றைப் பிடிக்க நல்ல ஆள் வேண்டும் என்று எல்லோரும் தேடுகிறோம். சரி. இப்போது டீயைக் குடித்து முடித்திருப்பீர்கள். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்கலாமா?

உங்களை நம்பி மூழ்கியிருக்கிறவரின் கயிறு இப்போது உங்கள் கையில் இருக்கிறதா... இல்லை, அதில் செல்போன் இருக்கிறதா?