அன்பின் அடையாளமும் அறவழி வாணிகமும்

சேரன் பனம்பூவையும் சோழன் ஆத்திப்பூவையும் பாண்டியன் வேப்பம்பூவையும் தத்தம் அடையாளமாகக் கொண்டிருந்தனர். இன்ன வேந்தனின் படையினர் எனப் போர்க்களத்தில் இனங்காண வீரர்கள் அப்பூக்களைச் சூடியதைத் தொல்காப்பியப் பொருளதிகாரம் குறிப்பிடுகின்றது. பற்று வைத்த ஒன்றின் அடையாளத்தை உடலில் தாங்கி ஊரறியச் செய்யும் வேட்கை தமிழர்க்குப் புதியதன்று என்பது இதனால் விளங்கும். அவ்வேட்கையே இன்று பனியன் துணியிலும் தேநீர்க் குவளையிலும் சாவிக் கொத்திலும் புத்தகக் குறியட்டையிலும் வெளிப்படுகின்றது. திரைப்படம், கிரிக்கெட், நாவல் என எதன்மீது அன்பு கொண்டாலும் அதன் நினைவாக ஒரு பொருளை வாங்கிக்கொள்ள இரசிகர்கள் ஆயத்தமாக உள்ளனர்.

இவ்விருப்பத்தை அறிந்த இளைஞர் பலர் இரசிகர் பொருள்களை இணையத்தின் வழியே விற்க முற்படுகின்றனர். கடைக்கு முன்பணமும் வாடகையும் இல்லை. ஒரு கைப்பேசியும் சில ஆயிரம் ரூபாயும் போதும் என்பது அவர்களின் கணக்கு. இத்தொழிலில் இறங்குவோர் மூன்று வினாக்களுக்கு விடை கண்டாக வேண்டும். எதை விற்கலாம்? எவ்வாறு செய்யலாம்? என்ன மிஞ்சும்? பெரும்பாலோர் மூன்றாம் வினாவிலிருந்தே தொடங்குகின்றனர். முதல் வினாவே முதலில் நிற்க வேண்டும் என்பது நம் கருத்து. ஏனெனில் இரசிகர் பொருளின் விலைமதிப்பு துணியிலோ மையிலோ இல்லை. பிறர் ஒருவர் படைத்த பெயரிலும் உருவிலும் உள்ளது. அதில் நமக்குரியது எது, பிறர்க்குரியது எது எனப் பிரித்தறியாமல் போடும் முதல் இழப்பதற்கென்றே போட்ட முதலாகும்.

எது நமக்குரியது?

இதனைப் 'பொன்னியின் செல்வன்' என்னும் ஒரே எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்குவோம். கல்கி இந்நாவலை 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக எழுதினார். 1954இல் அவர் மறைந்தார். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி (1957) ஓர் எழுத்தாளரின் படைப்புக்கு அவர் வாழ்நாளும் அதற்குப்பின் 60 ஆண்டுகளும் காப்பு உண்டு. அந்த 60 ஆண்டுகள் 2014 இறுதியில் நிறைவெய்தின. அதற்கு முன்னரே தமிழ்நாடு அரசு கல்கியின் நூல்களை நாட்டுடைமையாக்கிவிட்டது. எனவே கல்கியின் சொற்களை யாரும் அச்சிட்டு விற்கலாம்.

ஆனால் தொடர்கதைக்கு ஓவியம் தீட்டியவர் மணியம். வந்தியத்தேவனும் குந்தவையும் நந்தினியும் நம் மனக்கண்ணில் தோன்றும் வடிவம் பெரிதும் அவர் தூரிகை தந்தது. அவர் மறைந்தது 1968இல். ஆதலால் அவ்வோவியங்களின் உரிமை இன்று யாரிடம் இருப்பினும், 2028 முடியும்வரை காப்பு நீடிக்கும். ஒரே பக்கத்தில் அச்சான கதையும் படமும் சட்டத்தின் பார்வையில் இருவேறு சொத்துகள் என்பதை இங்குக் கருத்தில் கொள்ள வேண்டும். அவ்வோவியத்தைப் பார்த்துக் கையால் மீண்டும் வரைந்தாலும் அதுவும் நகலே.

மூன்றாவது அடுக்கு, மணிரத்னத்தின் இயக்கத்தில் 2022இலும் 2023இலும் வெளிவந்த இரு திரைப்படங்கள். திரைப்படத்திற்கு வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் காப்பு. அதன் காட்சிகளையும் விளம்பரப் படங்களையும், தலைப்புக்கென வரைந்த தனி எழுத்து வடிவத்தையும் எடுத்தாள இசைவு வேண்டும். அதில் நடித்தோரின் முகங்களுக்கும் அவ்வாறே.

அப்படியாயின் ஒரு மாணவர்க்கு எஞ்சுவது என்ன? மிகுதியாகவே எஞ்சுகின்றது. கல்கியின் சொல் எஞ்சுகின்றது; சோழர் வரலாறு எஞ்சுகின்றது; ஆடிப்பெருக்கு நாளில் வீராணம் ஏரிக்கரையில் குதிரைமீது வரும் வந்தியத்தேவனைத் தாமே கற்பனை செய்து வரையும் உரிமையும் எஞ்சுகின்றது. சங்க நூல்கள், காப்பியங்கள், உமறுப்புலவரின் சீறாப்புராணம், பாரதியின் பாடல்கள் ஆகியன எவர் இசைவும் வேண்டாத பொதுச் செல்வங்கள். அழகிய தமிழ் எழுத்தோவியமாக அவற்றை அமைப்பார்க்குப் பெரும் வாய்ப்பு உண்டு. கணினியில் எழுதுவோர் எழுத்துருவின் உரிமத்தையும் பார்க்க வேண்டும். 'நோட்டோ சான்ஸ் தமிழ்' போன்ற திறந்த உரிம எழுத்துருக்களை வணிகத்திற்கும் தடையின்றிப் பயன்படுத்தலாம்.

முகமும் பெயரும்

திரைக் கலைஞர், விளையாட்டு வீரர் ஆகியோரின் முகத்தை அச்சிடுவதே எளிதில் விலைபோகும் என்று பலர் எண்ணுகின்றனர். இதில் நீதிமன்றங்கள் தெளிவாகப் பேசியுள்ளன. பாடகர் தலேர் மெஹந்தியின் உருவில் பொம்மைகள் விற்ற கடையினர்மீது தொடுத்த வழக்கில், தில்லி உயர்நீதிமன்றம் 2010இல் அவ்விற்பனைக்குத் தடை விதித்தது. தம் பெயரையும் பாணியையும் ஒரு திரைப்படத்தில் இசைவின்றிப் பயன்படுத்துவதை எதிர்த்து நடிகர் ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், சென்னை உயர்நீதிமன்றம் 2015இல் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. புகழ்பெற்றோரின் பெயரும் உருவும் அவரவர்க்கே உரிய பொருள் என்பது இவற்றால் பெறப்படும். கிரிக்கெட் அணிகளின் பெயரும் சின்னமும் வணிகக்குறிகளாகும். அவற்றுக்கு 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டம் காவல் நிற்கின்றது.

"சிறிய அளவில்தானே விற்கிறோம்" என்பதும், "இஃது அதிகாரப்பூர்வமான பொருள் அன்று" என ஓரத்தில் எழுதிவிடுவதும் தப்பும் வழிகள் ஆகா. பதிப்புரிமையை அறிந்தே மீறுவது குற்றம். அதற்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் சட்டத்தில் உள்ளன. வழக்கு வராவிடினும், உரிமையாளர் முறையிட்ட அளவில் விற்பனைத் தளம் பொருளை நீக்கிவிடும். அச்சிட்டு அடுக்கி வைத்த சரக்கு வீட்டு மூலையில் தேங்கும்.

பொருள் உருவாகும் முறை

வடிவம் முடிவானபின் அச்சு முறையைத் தேர்தல் வேண்டும். திரை அச்சில் ஒவ்வொரு நிறத்திற்கும் ஒரு சட்டம் தனியே ஆயத்தம் செய்ய வேண்டும். ஆகவே ஒரே வடிவில் பல சட்டைகள் போடும்போதே அது மலிவாகும். நன்கு செய்தால் நெடுநாள் உழைக்கும். டி.டி.எஃப். எனப்படும் முறையில் படத்தை மெல்லிய படலத்தில் அச்சிட்டு, பசைத்தூள் தூவி, வெப்ப அழுத்தத்தால் துணியில் ஒட்டுகின்றனர். ஒரே ஒரு சட்டைக்கும் இஃது ஏற்றது. சப்ளிமேஷன் முறையில் மை ஆவியாகி உட்புகுவதால் அது பாலியெஸ்டர் துணிக்கும் தனிப்பூச்சுப் பூசிய குவளைக்கும் மட்டுமே பொருந்தும், பருத்தியில் நிலைக்காது.

பனியன் துணிக்குத் திருப்பூர் அருகிலேயே இருப்பது தமிழகத்தார்க்கு வாய்த்த நற்பேறு. துணியின் கனத்தை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று அங்குக் கணக்கிடுவர், ஜி.எஸ்.எம். என்பது அவ்வளவின் பெயர். 180 கிராம் துணி கோடைக்கும் ஏற்ற நடுத்தரக் கனம் உடையது. முதலில் ஒரு சட்டையை வரவழைத்து, ஐந்தாறு முறை துவைத்துப் பார்த்து, சுருக்கமும் சாயமும் அறிந்த பின்னரே விற்பனைக்கு வைத்தல் முறை.

கணக்கு

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைக் காண்போம். சட்டைக்கு 170 ரூபாய், அச்சுக்கு 70 ரூபாய் என 240 ரூபாயில் 50 சட்டைகள் செய்தால் முதலீடு 12,000 ரூபாய். அஞ்சல் செலவு உட்பட 399 ரூபாய்க்கு விற்கிறோம் எனக் கொள்வோம். உறைக்கும் அஞ்சலுக்கும் 70 ரூபாய் போக ஒரு சட்டையில் கைக்கு வருவது 329 ரூபாய். 12,000 ரூபாயை மீட்க 37 சட்டைகள் விற்றாக வேண்டும். ஐம்பதும் விற்றால் மிஞ்சுவது 4,450 ரூபாய். முப்பதே விற்றால் இழப்பு 2,130 ரூபாய். ஒரு சட்டைக்கு 159 ரூபாய் இலாபம் எனத் தொடக்கத்தில் தோன்றியது எத்துணைப் பொய் என்பது இப்பொழுது புலனாகும். வாங்கியவர் திருப்பி அனுப்பும் சட்டைகளையும் விளம்பரச் செலவையும் இக்கணக்கில் நாம் இன்னும் சேர்க்கவில்லை.

தேக்கம் பெரும்பாலும் அளவுகளால் வருவது. நடுத்தர அளவு தீர்ந்துபோக, மிகச்சிறியதும் மிகப்பெரியதும் தங்கிவிடும். ஆகவே குறியட்டை, குவளை, துணிப்பை போன்ற அளவு வேறுபாடற்ற பொருள்களில் தொடங்குவது அறிவுடைமை. சட்டையாயின் முன்பதிவும் பணமும் பெற்றுக்கொண்டு, குறித்த நாளில் அனுப்புவதாக உறுதி கூறி, வந்த எண்ணிக்கைக்கு மட்டும் அச்சிடலாம்.

அரசுப் பதிவுகளும் கடினமானவை அல்ல. உத்யம் என்னும் சிறுதொழில் பதிவு கட்டணமின்றி இணையத்தில் கிடைக்கும். தமிழ்நாட்டிற்குள் மட்டும் தம் பக்கத்தின் வழியே நேரடியாகப் பொருள் விற்போர்க்கு ஆண்டு விற்பனை 40 இலட்சம் ரூபாயைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. வேறு மாநிலத்திற்கு ஒரு சட்டை அனுப்பினாலும் பதிவு தேவைப்படும் என்பதைப் பலர் அறியார். பெரிய விற்பனைத் தளங்களின் வழி மாநிலத்திற்குள் விற்கும் சிறு வணிகர்க்கு 2023 அக்டோபர் முதல் நிபந்தனைகளுடன் விலக்கு உண்டு. 2,500 ரூபாய்க்கு மேற்படாத ஆயத்த ஆடைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 விழுக்காடு.

அளவும் நிறையும்

இணைய வாணிகத்தில் வாங்குவோன் பொருளைத் தொட்டுப் பார்ப்பதில்லை. படத்தையும் நம் சொல்லையும் நம்பியே பணம் அனுப்புகின்றான். 180 கிராம் துணி என்று எழுதி 140 கிராம் துணியை அனுப்புவது, தராசின் தட்டில் விரலை வைத்து அழுத்துவதற்கு ஒப்பாகும். அளவிலும் நிறையிலும் மோசம் செய்வோரைத் திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் கடுமையாக எச்சரிக்கின்றது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நபித்துவத்திற்கு முன்பே கதீஜா நாயகியாரின் சரக்கைக் கொண்டு சென்று விற்று, நம்பிக்கைக்குரிய வணிகர் எனப் பெயர் பெற்றிருந்தார்கள். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலைமையைப் பட்டினப்பாலை போற்றுகின்றது. இன்றைய சட்டமும் இதனையே வேறு மொழியில் கூறுகின்றது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் கூறியதற்கு மாறான பொருளையோ திரும்பப் பெற விற்பவர் மறுத்தல் கூடாது. வாங்கியவர் போல நடித்துத் தம் பொருளைத் தாமே புகழ்ந்து எழுதுதலும் கூடாது.

எனவே இத்தொழிலைத் தொடங்க எண்ணும் மாணவர் முதல் நாள் செய்ய வேண்டியது ஒன்றே. ஒரு தாளை எடுத்து, தாம் விற்கக் கருதிய ஒவ்வொரு வடிவத்தின் எதிரேயும் சொல் யாருடையது, படம் யாருடையது, முகம் யாருடையது, எழுத்துரு யாருடையது என நான்கு கட்டங்களில் விடை எழுதுக. பிறர் பெயர் வரும் இடத்தில் இசைவைக் கேட்டுப் பெறுக. கிடைக்காவிடின் அவ்வடிவத்தை அடித்துவிடுக. அடித்தவை போக எஞ்சும் வடிவங்கள் இரண்டோ மூன்றோ ஆகலாம். அந்த இரண்டு மூன்றைக் கொண்டு தொடங்கும் வாணிகம் சிறிதாயினும், அதில் ஈட்டும் ஒவ்வொரு ரூபாயும் ஹலாலான வருவாயாக இருக்கும்.