கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள்

நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள் என்பவை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிரிகள் ஆகும். மண்ணிலும் நீர்நிலைகளிலும் இயற்கையாக வாழும் இவை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் அம்மோனியாவை அகற்றப் பயன்படுகின்றன.

தேவை

சிறுநீரிலுள்ள யூரியாவும் புரதக் கழிவுகளும் சிதைந்து அம்மோனியா உண்டாகிறது. சுத்திகரிக்காமல் ஆற்றில் விட்டால் அது மீன்களுக்கு நஞ்சாகும். ஆற்றிலேயே நைட்ரேட்டாக்கம் நடக்கும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனும் தீர்ந்துபோகும்.

கண்டறிந்த வரலாறு

1877-இல் பிரான்சு நாட்டின் ஷ்லோசிங், மூன்ட்ஸ் ஆகியோர் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாய் வழியே கழிவுநீரை மெல்லக் கசியவிட்டனர். ஏறத்தாழ 20 நாட்கள் அம்மோனியாவில் மாற்றமில்லை. அதன் பின்னரே நைட்ரேட் தோன்றியது. வெறும் வேதிவினையாயின் முதல் நாளிலேயே தொடங்கியிருக்கும். குளோரோபார்ம் செலுத்தியபோது வினை நின்றது. எனவே இது உயிரிகளின் செயல் எனத் தெளிவாயிற்று. 1890-இல் செர்கேய் வினோகிராட்ஸ்கி சூரிச் நகரில் இப்பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்தார். அம்மோனியாவிலிருந்து ஆற்றலையும் கார்பன் டை ஆக்சைடிலிருந்து கார்பனையும் இவை பெறுவதை அவர் விளக்கினார்.

இரு படிகள்

முதற்படியில் நைட்ரோசோமோனாஸ் முதலியவை அம்மோனியாவை நைட்ரைட்டாக்குகின்றன. இரண்டாம் படியில் நைட்ரோபாக்டர், நைட்ரோஸ்பைரா ஆகியவை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகின்றன. இரண்டு படிகளையும் தனியொரு பாக்டீரியமே செய்ய இயலாது எனப் பல்லாண்டுகள் கருதப்பட்டது. நைட்ரோஸ்பைரா இனத்தில் சில இரண்டையும் செய்வது 2015-இல் கண்டறியப்பட்டது.

மெதுவான வளர்ச்சியும் கசட்டின் வயதும்

அம்மோனியாவிலிருந்து கிடைக்கும் ஆற்றல் மிகக் குறைவு. ஆகவே இப்பாக்டீரியாக்கள் மிக மெதுவாகப் பெருகுகின்றன. எஸ்செரிச்சியா கோலை உகந்த சூழலில் 20 நிமிடங்களில் இரட்டிப்பாகும். இவற்றுக்குப் பல மணி நேரம் முதல் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். தொட்டியிலிருந்து வெளியேறும் வேகம் பெருகும் வேகத்தை விஞ்சினால், இவை படிப்படியாக அடித்துச் செல்லப்பட்டு அற்றுப்போகும்.

இதற்கான தீர்வு 1914-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் கிடைத்தது. ஆர்டெர்ன், லாக்கெட் ஆகியோர் பாட்டிலில் இருந்த கழிவுநீரில் காற்றைச் செலுத்தினர். முழு நைட்ரேட்டாக்கத்திற்கு ஏறத்தாழ 5 வாரங்கள் ஆயின. தெளிந்த நீரை வடித்துவிட்டு, அடியில் படிந்த கசட்டை வைத்துக்கொண்டு புதிய கழிவுநீரை ஊற்றினர். இவ்வாறு திரும்பத் திரும்பச் செய்தபோது அதே மாற்றம் 24 மணி நேரத்திற்குள் முடிந்தது. கசட்டில் பாக்டீரியாக்கள் சேர்ந்திருந்ததே காரணம். இதுவே கிளர்வுற்ற கசடு முறையின் தொடக்கம்.

இன்றும் படிந்த கசட்டின் பெரும்பகுதி காற்றூட்டும் தொட்டிக்குத் திருப்பி அனுப்பப்படுகிறது. கசடு அமைப்பினுள் தங்கும் சராசரி நாட்களே 'கசட்டின் வயது' எனப்படும். குளிர்காலத்தில் வளர்ச்சி குறைவதால் இவ்வயதைக் கூட்ட வேண்டும். சில நிலையங்களில் கற்கள் அல்லது நெகிழித் துண்டுகளின் மீது படலமாக வளரவிட்டும் இவற்றைத் தக்கவைக்கின்றனர்.

பாதிக்கும் காரணிகள்

* ஆக்சிஜன்: 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 4.6 கிராம் ஆக்சிஜன் தேவை. காற்றூட்டும் கருவிகள் நின்றால் நைட்ரேட்டாக்கமும் நிற்கும்.
* காரத்தன்மை: வினையில் அமிலம் உண்டாவதால், 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்குக் கால்சியம் கார்பனேட் அளவில் ஏறத்தாழ 7.1 கிராம் காரத்தன்மை செலவாகிறது. அது தீர்ந்தால் பி.எச் மதிப்பு இறங்கி, பாக்டீரியாக்களின் செயல் தடைப்படும். அப்போது சுண்ணாம்பு போன்றவை சேர்க்கப்படுகின்றன.
* நச்சுகள்: தொழிற்சாலைக் கழிவிலுள்ள சயனைடு, கன உலோகங்கள், தையோயூரியா ஆகியவை இவற்றை எளிதில் பாதிக்கும். ஒருமுறை அழிந்தால் மீண்டும் பெருகப் பல நாட்கள் அல்லது வாரங்கள் ஆகலாம்.

நைட்ரேட் நீக்கம்

நைட்ரேட்டாக்கத்தால் நைட்ரஜன் நீரைவிட்டு வெளியேறுவதில்லை; அதன் வடிவமே மாறுகிறது. நைட்ரேட் மிகுந்தால் நீர்நிலைகளில் பாசி பெருகும். குடிநீரில் கலந்தால் கைக்குழந்தைகளுக்கு 'நீலக்குழந்தை நோய்' உண்டாகலாம். எனவே ஆக்சிஜன் இல்லாத அடுத்த தொட்டியில் வேறு பாக்டீரியாக்களைக் கொண்டு நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாக மாற்றப்பட்டு காற்றில் விடப்படுகிறது. முதல் தொட்டியில் நைட்ரேட்டாக்கம் நடந்தால்தான் இப்படி நிறைவேறும்.