படகுக்கும் கரைக்கும் நடுவே இரண்டடி!

ஏரிக்குப் படகு சவாரி போக ஒரு குடும்பம் வருகிறது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், கூடவே பாட்டி.

படகுத் துறையில் பத்துப் படிகள். கைப்பிடி இல்லை. பாட்டிக்கோ முழங்கால் வலி.

"நீங்கள் எல்லோரும் போய் வாருங்கள். நான் பையையும் செருப்பையும் பார்த்துக் கொள்கிறேன்" என்று கரையிலேயே உட்கார்ந்து விடுகிறார்.

பல ஏரிகளில் காணும் காட்சி இது. பாட்டியின் இடத்தில் சில சமயம் போலியோவால் கால் சூம்பிய மாமா இருப்பார். சில சமயம் சக்கர நாற்காலியில் வந்த பையன் இருப்பான். டிக்கெட் வாங்கும் இடம் வரை குடும்பம் ஒன்றாக வரும். அதற்கு மேல் இரண்டாகப் பிரிந்து விடும்!

யார் செய்த தவறு?

மாற்றுத் திறனாளிகள் வரக் கூடாது என்று எண்ணி யாரும் படி கட்டவில்லை. தண்ணீர்தான் படி கட்ட வைத்தது.

ஏரியில் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. மழைக் காலத்தில் ஏறும். கோடையில் இறங்கும். படிக்கட்டு இருந்தால், தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படியிலே படகை அணைத்துக் கொள்ளலாம். நடக்க முடிந்தவர்களுக்கு நல்ல ஏற்பாடு.

மற்றவர்களுக்கு?

படிக்குப் பதில் சாய்வுப் பாதை போடலாம். ஆனால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். மூன்றடி உயரத்துக்கு 36 அடி! இந்தக் கணக்கைப் பாராமல் வாசலில் நான்கு அடிச் சரிவைக் கட்டி, "சக்கர நாற்காலிக்கு வழி" என்று பலகை மாட்டி விடுகிறார்கள். அது வழி அல்ல. சறுக்கு மரம்!

சாய்வுப் பாதை சரியாக அமைந்தாலும் தொல்லை தீராது. கரை அசையாது; படகு அசையும். கரை ஓர் உயரம். படகு வேறு உயரம். நடுவே இரண்டடி இடைவெளி. அதிலேதான் எல்லாம் நின்று போகிறது.

கொச்சியில் மிதக்கும் மேடை

இந்த இரண்டடியை வென்று காட்டிய இடம் தொலைவில் இல்லை. பக்கத்துக் கேரளத்தில் இருக்கிறது.

வேம்பநாட்டு ஏரி கடலோடு கலக்கும் இடத்தில் கொச்சி நகரம் இருக்கிறது. நகரைச் சுற்றிலும் தீவுகள். அங்கே 2023-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி "வாட்டர் மெட்ரோ" என்ற படகுப் போக்குவரத்து தொடங்கியது. மின்சாரத்தில் ஓடும் படகுகள். கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் செய்தவை. பெரிய படகில் 100 பேர் போகலாம். தொடங்கியபோது குறைந்த கட்டணம் 20 ரூபாய்.

வேலைக்குப் போகிறவர்களுக்காக வந்த படகு அது. சுற்றுலா வருகிறவர்களும் அதிலே ஏறி ஏரியைப் பார்க்கிறார்கள்.

அங்கே கடல் ஏறினால் தண்ணீர் ஏறும். கடல் வற்றினால் இறங்கும். நாள்தோறும் இப்படித்தான். அதனால் படகு அணையும் மேடையையே தண்ணீரில் மிதக்க விட்டார்கள்! தண்ணீர் ஏறினால் படகும் ஏறும், மேடையும் ஏறும். இறங்கினால் இரண்டும் சேர்ந்து இறங்கும். ஆகவே மேடையும் படகின் தளமும் எப்போதும் ஏறக்குறைய ஒரே மட்டம். கரையிலிருந்து மேடைக்கு ஒரு நடைபாலம். சக்கர நாற்காலி உருண்டே போய்ப் படகுக்குள் நுழைந்து விடும்.

இங்கிலாந்தில் இன்னொரு வழி கண்டார்கள். அங்கே "வீலிபோட்" என்று ஒரு படகு உண்டு. அடிப்பாகம் தட்டை. படகின் முன்பக்கமே ஒரு கதவு. அதைக் கரையில் இறக்கினால் பாதை ஆகிவிடும். நாற்காலி ஏறியதும் கதவைத் தூக்கி மூடிக் கொண்டு புறப்பட வேண்டியதுதான்.

தூக்கி வைத்தால் போதாதா?

"நான்கு பேர் சேர்ந்து தூக்கி வைத்தால் போகிறது! இதற்கு இவ்வளவு செலவா?" என்று கேட்பவர்கள் உண்டு.

படகோட்டிகள் நல்ல மனதோடுதான் தூக்குகிறார்கள். ஆனால் ஈரப் படியில் ஒருவர் கால் வழுக்கினால் ஐந்து பேரும் தண்ணீரில்! அது மட்டுமா? ஊரே பார்க்க, முன்பின் தெரியாத ஆண்கள் கையைப் போட்டுத் தூக்குவதை எந்தப் பெண் விரும்புவாள்? "ஏரியே வேண்டாம்" என்று வீட்டிலேயே இருந்து விடுகிறாள். "அவளுக்கு இதிலெல்லாம் ஆசை இல்லை" என்று வீட்டார் நினைத்துக் கொள்கிறார்கள்.

2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் மாற்றுத் திறனாளிகள் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். முழங்கால் வலிக்காரப் பாட்டிகள் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள்!

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. பொதுமக்களுக்குச் சேவை செய்யும் இடம் அரசுடையது ஆனாலும், தனியாருடையது ஆனாலும், மாற்றுத் திறனாளிகள் வந்து போக வசதி செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது.

ஆனால் அதன் கீழ் வந்த விதிகள் வெறும் யோசனை போல இருந்தன. பார்வை இல்லாத ஒருவர் தொடுத்த வழக்கில், 2024-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. யோசனை போதாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று அரசுக்கு உத்தரவிட்டது.

மனம் வைத்தால் நடக்கும் என்பதற்குச் சென்னை மெரினாவே சாட்சி. 2022-ம் ஆண்டு நவம்பரில் அங்கே மணலின் மேல் 263 மீட்டர் நீளத்துக்கு மரப் பாதை போட்டார்கள். சக்கர நாற்காலியில் வந்தவர்கள் அலையின் அருகே போனார்கள். அடுத்த மாதமே "மாண்டஸ்" புயல் அதைச் சேதப்படுத்தியது. பிறகு சரி செய்தார்கள்.

புறப்படும் முன்

சக்கர நாற்காலியோடு ஏரிக்குப் போகிறவர்கள் முதல் நாளே படகுத் துறைக்குப் போன் செய்து கேட்பது நல்லது. "வசதி இருக்கிறதா?" என்று கேட்டால் "இருக்கிறது" என்றுதான் பதில் வரும். "எத்தனை படி? படகில் ஏறும் இடத்தில் இடைவெளி எவ்வளவு? கழிவறைக் கதவில் நாற்காலி நுழையுமா?" என்று கேட்க வேண்டும்.

காது கேளாதவர் உடன் வந்தால், உயிர் காக்கும் அங்கியை எப்படிப் போடுவது என்று படகோட்டி கையால் செய்து காட்ட வேண்டும். கண் தெரியாதவரைப் பிடித்து இழுக்கக் கூடாது. அவர் கையைப் படகின் கைப்பிடியில் வைத்து, "ஒரு படி கீழே" என்று சொன்னால் அவரே இறங்கி விடுவார்.

படகில் ஏறியதும் நாற்காலியின் பிரேக்கைப் போட வேண்டும். ஆனால் ஆளை நாற்காலியோடு சேர்த்துக் கட்டவே கூடாது! இடுப்புப் பட்டையும் அவிழ்த்தே இருக்க வேண்டும். படகு கவிழ்ந்தால் உயிர் காக்கும் அங்கி ஆளை மேலே தூக்கும். நாற்காலி கீழே இழுக்கும்.

மின்சார நாற்காலி என்றால் அதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஆளோடு சேர்த்து 150 கிலோவைத் தொடக் கூடும். சிறிய படகில் அந்தப் பாரம் ஓரத்தில் இருந்தால் படகு சாயும். நடுவில் வைத்துவிட்டு, மற்றவர்களை இரு பக்கமும் சமமாக உட்கார வைப்பது படகோட்டியின் வேலை.